புது டெலஸ்கோப்ல ஒண்ணுமே தெரியலையா? முதல்ல அந்த 4 எம்எம் ஐபீஸைக் கழட்டுங்க

கேட்ட கேள்வி சுருக்கமா இது. 130 எம்எம் அகலக் கண்ணாடி வச்ச ரிஃப்ளெக்டர், ஃபோகல் லெங்த் (கண்ணாடில இருந்து வெளிச்சம் குவியற இடம் வரைக்கும் உள்ள தூரம்) 900 எம்எம், எதிர் எடை தொங்குற ஈக்வடோரியல் ஸ்டாண்டு, கூடவே 25, 10, 4 எம்எம்னு மூணு ஐபீஸ் (கண்ணை வச்சுப் பாக்குற குட்டி லென்ஸ்), ஒரு 3எக்ஸ் பார்லோ (ஐபீஸோட சேத்து மாட்டினா பவரை மூணு மடங்காக்குற லென்ஸ்). அட்டைப்பெட்டில 675 மடங்குன்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கு. ஒரு வாரமா ராத்திரி முழிச்சு பாத்தும் எதையும் பிடிக்க முடியல, அதிசயமா ஏதாவது சிக்கினாலும் நடுவுல கறுப்பா ஓட்டை விழுந்த ஒரு வெள்ளை வட்டம்தான் தெரியுது, இது டிஃபெக்ட் பீஸா, திருப்பிக் குடுத்துடவா?

திருப்பிக் குடுக்காதீங்க. 130க்கு 900ங்கறது நல்ல அளவு. 1000 ஃபோகல் லெங்த்னு போட்டுட்டு குழாய் மட்டும் அரை மீட்டர் நீளத்துல விக்கிற 114 எம்எம் மாடல்கள் இருக்கு, உள்ள ஒரு சின்ன லென்ஸை வச்சு நீளத்தை ஏமாத்துற டிசைன், அதை வாங்கியிருந்தா நானே திருப்பிக் குடுங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களோடது அது இல்ல. இதுல சனியோட வளையம், வியாழனோட பட்டை, நிலாவுல எண்ண முடியாத அளவு பள்ளம், கொஞ்சம் நெபுலா (விண்வெளில இருக்கற வாயு, தூசி மேகம்), நட்சத்திரக் கூட்டம்னு வருஷக்கணக்குல பாக்கலாம். கூட வந்த சாமான்ல பாதிதான் தண்டம்.

முதல்ல அந்த ஓட்டை விழுந்த வட்டம். அது ஃபோகஸ் ஆகாத நட்சத்திரம், அவ்வளவுதான். குழாயோட வாய்ப்பக்கம் சாய்வா ஒரு குட்டிக் கண்ணாடி இருக்குல்ல, அதோட நிழல்தான் நடுவுல தெரியற கறுப்பு, உத்துப் பாத்தீங்கன்னா அதைத் தாங்குற பட்டைகளோட நிழல்கூட மெல்லிய கோடா தெரியும். ஃபோகஸ் குமிழை ஒரு பக்கமா மெதுவா திருப்புங்க, வட்டம் பெருசாச்சுன்னா எதிர்ப்பக்கம் திருப்புங்க, சுருங்கிச் சுருங்கி ஒரு கட்டத்துல சின்னப் புள்ளியா நிக்கும், கொஞ்சம் தாண்டினா திரும்ப வீங்கும். புள்ளியா நிக்கிற அந்த இடம்தான் ஃபோகஸ். நிறைய பேர் இங்கதான் குழம்புறாங்க, நட்சத்திரம் பெருசா தெரிஞ்சாதானே டெலஸ்கோப் வேலை செய்யுதுன்னு அர்த்தம்னு நினைச்சு வட்டத்தைப் பெருசாக்கிக்கிட்டே போறாங்க. ஆனா நட்சத்திரம் எவ்வளவு பெரிய டெலஸ்கோப் வச்சு பாத்தாலும் கண்ணுக்குப் புள்ளிதான், அவ்வளவு தூரம்.

அடுத்து அந்த 675. டெலஸ்கோப்போட ஃபோகல் லெங்த்தை ஐபீஸோட நம்பரால வகுத்தா வர்றதுதான் பவர். 900ஐ 25ஆல வகுத்தா 36, 10ஆல வகுத்தா 90, 4ஆல வகுத்தா 225, அதுக்கு மேல 3 மடங்கு பார்லோ மாட்டினா 675. கணக்கு பொய் இல்ல, ஆனா உபயோகம் இல்ல. ஒரு டெலஸ்கோப் தாங்குற அதிகபட்ச பவர் கண்ணாடியோட அகலத்துல (எம்எம் கணக்குல) சுமாரா ரெண்டு மடங்கு, உங்களுக்கு 260. அதுவும் காத்து அசையாம நிக்கிற ராத்திரில. சாதாரண நாள்ல 150, மிஞ்சிப் போனா 200 தாண்டினாலே எல்லாம் கொழகொழன்னு ஆயிடும்.

பவரை ரெண்டு மடங்காக்கினா வெளிச்சம் நாலுல ஒரு பங்காகும், தெரியற வானம் பாதி அகலமாகும், ஸ்டாண்டோட ஆட்டம் ரெண்டு மடங்கா தெரியும். 25 எம்எம்ல ஏறக்குறைய மூணு நிலா பக்கத்துல பக்கத்துல வைக்கிற அளவு வானம் ஒரே நேரத்துல தெரியும். 4 எம்எம்ல நிலாவுல பாதிகூட தெரியாது. பூமி வேற சுத்திக்கிட்டே இருக்கு, வானம் மணிக்கு 15 டிகிரி நகருது, அதனால 4 எம்எம்ல நடுவுல கொண்டுவந்து வச்ச கிரகம் அரை நிமிஷத்துல ஓரம் தாண்டி ஓடிடும். நீங்க எதையும் பிடிக்க முடியலன்னு சொன்னதுக்கு முக்கால்வாசி காரணம் இதுவாதான் இருக்கும். 4 எம்எம்மையும் பார்லோவையும் பெட்டில போட்டு பரண்ல ஏத்திடுங்க. எப்பவும் 25லதான் ஆரம்பிக்கணும், பொருளைப் பிடிச்சு நடுவுக்கு கொண்டுவந்த அப்புறம்தான் 10.

36 மடங்கு ரொம்ப கம்மின்னு தோணுதா? வியாழன் நமக்கு கிட்ட வர்ற மாசங்கள்ல, 40 மடங்கு பவர்ல பாத்தா வெறுங்கண்ணுக்கு முழுநிலா எவ்வளவு பெருசா தெரியுமோ அதே அளவுதான் வியாழனும் தெரியும். யாருகிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க, ஏன்னா கறுப்பு வட்டத்துக்குள்ள ஒத்தையா நிக்கிறப்ப எதுவுமே சின்னதா தெரியற மாதிரி மனசு ஏமாத்தும். டெலஸ்கோப்போட முக்கிய வேலை பெருசாக்குறது இல்ல, வெளிச்சத்தைச் சேக்குறது. இருட்டுல நல்லா விரிஞ்ச கண்மணி 7 எம்எம், உங்க கண்ணாடி 130, பரப்பளவுக் கணக்குல 345 மடங்கு. அந்த வெளிச்சத்தை 675 மடங்கா இழுத்து விரிச்சா என்ன மிஞ்சும் சொல்லுங்க.

இப்ப ஃபைண்டர், அதாவது குறிபாக்கறதுக்கு குழாய் மேல மாட்டியிருக்கற குட்டிக் கருவி. அது காட்டுற இடமும் டெலஸ்கோப் காட்டுற இடமும் ஒண்ணா இருக்கணும். இதை ராத்திரில சரி பண்ண முயற்சி பண்றதுதான் எல்லாரும் பண்ற வேலை, நட்சத்திரம் நகந்துக்கிட்டே இருக்கும், கையும் தெரியாது, நடக்காது. பகல்ல பண்ணுங்க. குறைஞ்சது அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கற ஏதாவது ஒண்ணு, செல்ஃபோன் டவரோட உச்சி, தண்ணித் தொட்டியோட விளிம்பு, மரத்தோட நுனி, எதுவா இருந்தாலும் சரி, சூரியன் இருக்கற பக்கம் மட்டும் வேணாம், அதைப் பத்தி கீழ தனியா சொல்றேன். 25 எம்எம்ல அந்த உச்சியை நடுவுக்குக் கொண்டுவாங்க. படம் தலைகீழா இருக்கும், பயப்படாதீங்க, வானத்துல மேல கீழ கிடையாது, அதனால நிமித்துறதுக்குன்னு ஒரு லென்ஸ் வச்சு வெளிச்சத்தை வீணாக்குறது இல்ல. அப்புறம் ஸ்டாண்டை லாக் பண்ணிட்டு, ஃபைண்டரைச் சுத்தி இருக்கற ஸ்க்ரூவை மட்டும் திருப்பித் திருப்பி அதே உச்சி ஃபைண்டரோட குறுக்குக் கோட்டுல வர்ற மாதிரி பண்ணுங்க. சிவப்புப் புள்ளி டைப் ஃபைண்டர்னா ரெண்டு சக்கரம் இருக்கும், அதே வேலைதான். முடிச்சதும் திரும்ப ஐபீஸ்ல பாருங்க, ஸ்க்ரூ திருப்புறப்ப குழாய் நகந்திருக்கும், இன்னொரு தடவை பண்ணுங்க. அப்புறம் 10 எம்எம் மாட்டி அதே மாதிரி. ராத்திரி ஒரு பிரகாசமான நட்சத்திரத்துல வச்சு சரிபாத்துட்டா முடிஞ்சது.

ஈக்வடோரியல் ஸ்டாண்டுதான் உங்களுக்கு இருக்கறதுலயே பெரிய தலைவலி, ஆரம்பத்துல இதை வாங்கச் சொல்லி நான் யாருக்கும் சொல்றதில்ல. இருந்தாலும் வந்தாச்சு, பழகிக்கலாம். இதோட ஒரு அச்சு வானம் சுத்துற அச்சுக்கு இணையா நிக்கணும், அப்ப ஒரே ஒரு குமிழைத் திருப்பினா போதும், கிரகம் நடுவுலயே நிக்கும். ஸ்டாண்டுல ஒரு கோண ஸ்கேல் இருக்கும், அதுல உங்க ஊரோட அட்சரேகை எவ்வளவோ அந்த நம்பரை வைங்க, அச்சோட மேல் நுனியை வடக்கு பாத்து நிறுத்துங்க, பூமத்திய ரேகைக்குத் தெக்க இருந்தீங்கன்னா தெற்கு. கண்ணால மட்டும் பாக்குறதுக்கு ஃபோன் காம்பஸ் காட்டுற வடக்கு போதும், ரெண்டு மூணு டிகிரி தள்ளி இருந்தாலும் குடி முழுகிடாது. துருவ நட்சத்திரத்தைக் குறிபாத்து நுணுக்கமா வைக்கிறதெல்லாம் ஃபோட்டோ எடுக்கறவங்க பாடு.

எடையை பேலன்ஸ் பண்றது ரொம்ப முக்கியம், ரெண்டு லாக்கையும் தளத்தி விட்டா குழாய் விட்ட இடத்துலயே நிக்கணும், தானா சாயக் கூடாது. ட்ரைபாட் காலை முழுசா இழுக்காதீங்க, குட்டையா வச்சு உக்காந்து பாருங்க, ஆட்டம் பாதியாயிடும். ஐபீஸ் கோணலா எட்டாத இடத்துக்குப் போச்சுன்னா கழுத்தை வளைக்க வேணாம், குழாயைப் பிடிச்சிருக்கற வளையத்தோட திருகைத் தளத்தி குழாயையே உருட்டி வச்சுக்கலாம்.

(புதுசா வாங்கப் போறவங்க யாராவது இதைப் படிச்சா: டாப்சோனியன் வாங்குங்க. தரையில உக்கார்ற மரப்பெட்டி, மேல கீழ, இடது வலது, அவ்வளவுதான், குமிழும் இல்ல எடையும் இல்ல. ஜான் டாப்சன்னு ஒருத்தர், சான் ஃபிரான்சிஸ்கோல வேதாந்த மடத்துல துறவியா இருந்தவர், கப்பல் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வாங்கித் தேச்சு டெலஸ்கோப் பண்ணி, மடத்தை விட்டு வெளிய வந்த அப்புறம் நடைபாதைல வச்சு போறவர்றவங்களுக்கெல்லாம் நிலா காட்டிக்கிட்டிருந்தார். அவர் பேர்லதான் அந்த டிசைன். அதே விலைக்கு கண்ணாடி பெருசா கிடைக்கும், ஏன்னா ஸ்டாண்டுக்குக் காசு போறதில்ல.)

வெளிய எடுத்துட்டுப் போன உடனே பாக்காதீங்க. வீட்டுக்குள்ள இருந்த கண்ணாடி வெளிக்காத்தோட சூட்டுக்கு வர அரை மணி நேரம், சில நாள் ஒரு மணி நேரம்கூட ஆகும், அதுவரைக்கும் குழாய்க்குள்ள சூடான காத்து மேல எழும்பிக்கிட்டே இருக்கும், படம் அலையும். ஜன்னல் வழியா பாக்குறது வேலைக்கே ஆகாது, கண்ணாடிக் கதவு மூடியிருந்தாலும் சரி திறந்திருந்தாலும் சரி. சிமெண்ட் தளம் பகல் பூரா குடிச்ச சூட்டை ராத்திரி பத்து மணி வரைக்கும் கக்கும், மண்தரையோ புல்தரையோ கிடைச்சா அங்க போங்க, மாடிதான்னா கொஞ்சம் நேரம் கழிச்சுப் பாருங்க, பக்கத்துல யாரும் நடக்காம பாத்துக்கோங்க. கண்ணு இருட்டுக்குப் பழக இருபது முப்பது நிமிஷம் வேணும், நடுவுல ஒரு தடவை ஃபோன் ஸ்க்ரீனைப் பாத்தா திரும்ப முதல்ல இருந்து. வானத்துல எது எங்க இருக்குன்னு காட்டுற ஸ்டெல்லேரியம் ஆப் போட்டீங்கன்னா அதுல நைட் மோடு இருக்கு, எல்லாம் சிவப்பாயிடும், அதை ஆன் பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு, வானம் பளிச்சுன்னு இருந்தா நல்ல ராத்திரின்னு அர்த்தம் இல்ல. நட்சத்திரம் எல்லாம் வெடவெடன்னு மின்னுதுன்னா மேல காத்து கலங்கிக் கிடக்குன்னு அர்த்தம், அன்னைக்கு கிரகம் பாத்து பிரயோஜனம் இல்ல, 25 எம்எம்ல நட்சத்திரக் கூட்டம் பாத்துட்டு வந்துடுங்க. லேசா மூட்டம் போட்ட மாதிரி இருக்கற, காத்தே இல்லாத புழுக்கமான ராத்திரிலதான் பல தடவை வியாழனும் சனியும் கல்லு மாதிரி அசையாம நிக்கும். எந்த நாளா இருந்தாலும் பொருள் அடிவானத்துல இருந்து 30 டிகிரியாவது மேல வரட்டும், கீழ இருக்கறப்ப பாத்தா அவ்வளவு காத்தையும் ஊடுருவித்தான் வரணும்.

முதல்ல நிலா. பௌர்ணமி அன்னைக்கு வேணாம், அன்னைக்கு வெயில் நேரா அடிக்கறதால நிழலே இருக்காது, வெறும் வெள்ளைத் தட்டு. அமாவாசை கழிச்சு அஞ்சாம் நாள்ல இருந்து பத்தாம் நாளுக்குள்ள பாருங்க, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற கோடு இருக்குல்ல, அந்தக் கோட்டை ஒட்டித்தான் எல்லா விசேஷமும். அங்க விடியற நேரம், அதனால பள்ளங்களோட விளிம்பெல்லாம் நீள நிழல் போடும். கோடு தாண்டி இருட்டுப் பக்கத்துல ஒரு வெளிச்சப் புள்ளி மட்டும் தனியா மிதக்கும், என்னடா இதுன்னு பாத்தா அது ஒரு மலை உச்சி, கீழ இன்னும் விடியல, உச்சில மட்டும் வெயில் பட்டிருக்கு. அதை விடாம ஒரு மணி ரெண்டு மணி நேரம் பாத்தா புள்ளி வளரும், பக்கத்துல இன்னொண்ணு முளைக்கும். கோப்பர்நிகஸ்னு 93 கிலோமீட்டர் அகலப் பள்ளம் ஒண்ணு இருக்கு, அரை நிலா கழிச்சு ஒண்ணு ரெண்டு நாள்ல 90 மடங்குல அதைப் பாருங்க, சுவரு படிக்கட்டு படிக்கட்டா இறங்குறது தெரியும். அமெரிக்காக்காரங்க நட்ட கொடி தெரியுமான்னு எல்லாரும் கேப்பாங்க, தெரியாது. 130 எம்எம்ல நிலாவுல ஒன்றரை ரெண்டு கிலோமீட்டரை விடச் சின்ன பள்ளத்தைப் பிரிச்சுப் பாக்கவே முடியாது, கொடி எங்க.

வியாழன் 25 எம்எம்லயே சின்ன தட்டா தெரியும், பக்கத்துல ஒரே கோட்டுல நாலு புள்ளி, அதோட நிலாக்கள், சில நாள் மூணு, ஏன்னா ஒண்ணு முன்னாடியோ பின்னாடியோ மறைஞ்சிருக்கும். 1610 ஜனவரில கலிலியோ பாத்த அதே நாலு. உள்பக்கம் இருக்கற அயோ 1.77 நாள்ல ஒரு சுத்து முடிச்சிடும், அதனால சாயங்காலம் ஒரு தடவை, நடுராத்திரி ஒரு தடவை பாத்தாலே இடம் மாறினது தெரியும். 10 எம்எம்ல ரெண்டு பழுப்புப் பட்டை. முதல் பார்வைல ஒரு வெளிர் தட்டுதான் தெரியும், உடனே கண்ணை எடுத்துடாதீங்க, பத்து நிமிஷம் அப்படியே வச்சிருங்க, காத்து அப்பப்ப ஒரு வினாடி ரெண்டு வினாடி நிக்கும், அந்த நேரத்துல மட்டும் பட்டையோட ஓரத்துல இருக்கற முடிச்சு வளைவெல்லாம் சட்டுன்னு தெரிஞ்சு மறையும். பழகினவங்க அதே டெலஸ்கோப்ல அதிகமா பாக்குறது இப்படித்தான்.

சனி 36லயே ஏதோ காது முளைச்ச மாதிரி இருக்கும், 90ல வளையம் தனியா நிக்கும். படத்துல பாக்குற அளவுக்கு வளையம் விரிஞ்சு தெரியலையேன்னு கேக்காதீங்க, 2025 மார்ச்லதான் வளையம் நம்ம பக்கம் விளிம்பைக் காட்டி கிட்டத்தட்ட கோடா போச்சு, இனி வருஷா வருஷம் விரிஞ்சு 2032 வாக்குல நல்லா திறந்திருக்கும். சனி சூரியனைச் சுத்த இருபத்தொன்பதரை வருஷம், அந்தச் சுத்துல ரெண்டு தடவை இப்படி ஆகும். 1612ல கலிலியோ பாத்தப்ப வளையமே காணாம போய் மனுஷன் குழம்பிட்டார், அது வளையம்னு டச்சு விஞ்ஞானி ஹைகன்ஸ் 1659ல எழுதுற வரைக்கும் யாருக்கும் தெளிவா புரியல. வெள்ளில பிறை தெரியும், செவ்வாய் 26 மாசத்துக்கு ஒரு தடவை கிட்ட வர்றப்ப மட்டும் பாருங்க, மத்த நேரம் ஆரஞ்சுப் புள்ளி.

நெபுலா, கேலக்ஸி விஷயத்துல எதிர்பார்ப்பை இப்பவே குறைச்சுக்கோங்க. ஹப்பிள் படத்துல இருக்கற சிவப்பும் ஊதாவும் கண்ணுக்குத் தெரியாது, மங்கின வெளிச்சத்துல நம்ம கண்ணு நிறம் பிரிக்காது, எல்லாம் சாம்பல்தான், கொஞ்சம் பச்சை கலந்த சாம்பல். ஓரியன்ங்கற விண்மீன் குழுல இடுப்புப் பட்டைக்குக் கீழ இருக்கற எம்42 நெபுலா இருக்கறதுலயே சுலபம், திருவாதிரை தெரிஞ்சா அதுவும் தெரியும், நடுவுல நாலு குட்டி நட்சத்திரம் நெருக்கியடிச்சு நிக்கிறதை 10 எம்எம்ல பாருங்க. நேரா உத்துப் பாக்காம பார்வையைக் கொஞ்சம் பக்கவாட்டுல வச்சீங்கன்னா அந்தப் புகை இன்னும் தூரம் விரியும், கண்ணோட மையத்தை விட ஓரத்துல இருக்கற செல்லுக்குத்தான் மங்கல் வெளிச்சம் தெரியும். கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் 25 எம்எம்ல அள்ளிக் கொட்டின மாதிரி நிறையும், அதுக்கு மேல பவர் போட்டா அழகு போயிடும். ஆன்ட்ரோமெடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி, நகரத்துல இருந்து பாத்தா நடுப்பகுதி மட்டும் பஞ்சுத் துணுக்கா தெரியும், இருட்டான ஊருக்குப் போனா அதே டெலஸ்கோப்ல ஐபீஸ் கொள்ளாம நீளும். கேலக்ஸிக்கு டெலஸ்கோப்பை விட வானத்தோட இருட்டுதான் முக்கியம். நகரத்துக்காரங்களுக்கு ஏத்தது இரட்டை நட்சத்திரம், தெருவிளக்கு அதை ஒண்ணும் பண்ணாது. சிக்னஸ்ங்கற விண்மீன் குழுல, பறவையோட தலைப்பக்கம் அல்பிரியோன்னு ஒண்ணு, வெறுங்கண்ணுக்கு ஒத்தை, 36 மடங்குல பொன்னிறத்துல ஒண்ணும் நீலத்துல ஒண்ணுமா பிரியும்.

சூரியன். இதைச் சும்மா தாண்டிப் போயிடாதீங்க. சாதாரணமா டெலஸ்கோப்பை சூரியன் பக்கம் திருப்பி ஒரு நொடி பாத்தாகூட பார்வை போகும், வலிக்கக்கூட வலிக்காது. சில செட்ல ஐபீஸ்ல திருகற மாதிரி 'SUN'னு எழுதின ஒரு குட்டிக் கறுப்புக் கண்ணாடி வரும், அது குவிஞ்ச சூட்டுல வெடிக்கும், சுத்தியலால உடைச்சுக் குப்பைல போடுங்க. சூரியன் பாக்கணும்னா குழாயோட வாயை முழுசா மூடுற, அதுக்குன்னே செஞ்ச சோலார் ஃபில்டர் வேணும், ஃபைண்டரையும் மூடிடணும் இல்ல கழட்டிடணும். பகல்ல டெலஸ்கோப்பை மூடி இல்லாம வெளிய விட்டுட்டு உள்ள போகாதீங்க, குழந்தைங்க இருக்கற வீட்டுல ரொம்ப கவனம்.

கண்ணாடி நேரா இருக்கான்னு, அதாவது கொலிமேஷன், பாக்குறதுக்கு நீங்க குறை சொன்ன அந்த ஓட்டை வட்டமே போதும். ஒரு நட்சத்திரத்தை 10 எம்எம்ல சரியா நடுவுல வச்சு லேசா ஃபோகஸ் கலைங்க, ஓட்டை வட்டத்துக்கு மத்தியில இருந்தா எதையும் தொடாதீங்க. ஒரு பக்கமா ஒதுங்கியிருந்தா குழாயோட அடில இருக்கற மூணு ஸ்க்ரூல ஒண்ணைக் கால் சுத்து திருப்புங்க, நட்சத்திரம் நகரும், திரும்ப நடுவுக்குக் கொண்டுவந்து பாருங்க, இப்படியே பொறுமையா. பெரிய கண்ணாடில தூசி தெரிஞ்சா துடைக்காதீங்க, தூசியால படம் கெடாது, துணி போட்ட கீறல்தான் கெடுக்கும். பனி இறங்கி ஈரமாச்சுன்னா தானா காயவிட்டு அப்புறம் மூடி போடுங்க, ஈரத்தோட மூடினா பூஞ்சை வரும்.

கூட ஏதாவது வாங்கியே ஆகணும்னு கை அரிச்சா ஒரு 6 எம்எம் ஐபீஸ், கொஞ்சம் அகலமா வானம் காட்டுற டைப்பா பாத்து வாங்குங்க, 150 மடங்கு வரும், நல்ல ராத்திரில சனிக்கும் நிலாவுக்கும் அதுதான் உங்க டெலஸ்கோப்போட சரியான பவர். அதையும் ஒரு மாசம் 25லயும் 10லயும் பாத்துப் பழகின அப்புறம் வாங்கினா போதும்.